திருத்த விண்ணப்பம்
(தேனாம்பேட்டைப் பதிவொன்றைக் கட்டளை வரியால் திருத்தும் முறை)

தோற்றுவாய்

தேனாம்பேட்டையில் செனடாப் சாலை என்றொரு சாலை உண்டு. கார்ன்வாலிஸ் பிரபுவின் நினைவாக எழுப்பப்பெற்ற மண்டபம் ஒருகாலத்தில் அவ்விடத்து நின்றமையால் சாலைக்கு அப்பெயர் வாய்த்தது. மண்டபமோ பிற்காலத்தில் இடம்பெயர்ந்து இப்பொழுது புனித ஜார்ஜ் கோட்டையுள் நிற்கின்றது. பொருள் போயிற்று, பெயர் நின்றது. இதற்கு மறுதலையாக, பொருள் நிற்கப் பெயர் மாறுதலும் உண்டு. மவுண்ட் ரோடு என்று நம் முன்னோர் வழங்கிய பெருஞ்சாலை இன்று அண்ணாசாலை என வழங்குகின்றது. பெயரும் பொருளும் ஒருங்கே மாறுதலும் உண்டு. கதீட்ரல் சாலையில் வுட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் இருந்த நிலத்தில் 2010-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. 2018-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் அண்ணாசாலையின் அடியில் தேனாம்பேட்டை மெட்ரோ நிலையம் தோன்றிற்று.

ஊர் இவ்வாறு நாளும் மாறுதலின், ஊரைப்பற்றிய ஏடுகளும் மாறவேண்டும். முற்காலத்து ஏடுகள் அலுவலகங்களில் இருந்தன. எழுத்தரொருவர் சிவப்பு மையால் திருத்திச் சுருக்கொப்பம் இடுவார். இக்காலத்து ஏடுகளிற் பல உலகெங்கும் பரந்த கணினிகளில் உள்ளன. அவற்றைத் திருத்தும் உரிமை சிலவிடத்து நம் போன்ற பொதுமக்களுக்கும் தரப்பட்டிருக்கின்றது. அவ்வுரிமையை முறையறிந்து பயன்படுத்தாவிடின் நேரும் கேட்டையும், முறையறிந்தார் பெறும் நன்மையையும் மாணவர்க்கு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம். கைபேசியின் திரையைத் தொட்டுத் திருத்தும் எளிய வழியை விடுத்துக் கட்டளை வரியை யாம் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் ஒன்றுண்டு. திரையின் பின்னே மறைந்து நிகழ்வது கட்டளை வரியில் வெளிப்படையாக நிகழும். கடிகாரத்தின் முகத்தை மட்டும் பார்ப்பவன் நேரம் அறிவான். முதுகைத் திறந்து பார்ப்பவனே கடிகாரத்தை அறிவான்.

1. பதிவும் முகவரியும்

வலை என்பது விண்ணப்பமும் மறுமொழியும் ஆகிய இரண்டால் இயங்குவது. விண்ணப்பிக்கும் கணினி ஒருபுறம். பதிவுகளை வைத்துக் காக்கும் வழங்கி மறுபுறம். இவ்விரண்டும் பேசிக்கொள்ளும் மொழிக்கு எச்.டி.டி.பி. என்று பெயர். ஜெனீவா நகரத்து ஆராய்ச்சி நிலையமாகிய செர்னில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பார் 1989-ஆம் ஆண்டு முதலாக வகுத்த வலையமைப்பிலிருந்து பிறந்தது இம்மொழி. மனிதர் படித்தற்கன்றி, நிரலும் நிரலும் பேசிக்கொள்ளுதற்கென வழங்கி திறந்து வைக்கும் வாயிலை ஏ.பி.ஐ. என்பர்.

இம்மொழியில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முகவரி உண்டு. முகவரி வேறு, அம்முகவரியில் உள்ள பொருளின் இப்போதைய நிலை வேறு என்பதை மாணவர் முதற்கண் உணர்தல் வேண்டும். செனடாப் சாலை என்னும் பெயர் நின்று மண்டபம் அகன்றதை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். முகவரி நிலைத்திருக்க, அதன்கண் உள்ள செய்தி மாறிக்கொண்டே இருக்கலாம். ராய் பீல்டிங் என்னும் அமெரிக்க அறிஞர் 2000-ஆம் ஆண்டில் தம் ஆராய்ச்சிப் பட்டத்திற்கென எழுதிய நூலில் இக்கருத்தை விரித்து, அதன்வழி அமைந்த முறைக்கு ரெஸ்ட் என்று பெயரிட்டார். இக்காலத்து ஏ.பி.ஐ.க்களிற் பெரும்பாலன அம்முறையைத் தழுவினவாகத் தம்மைக் கூறிக்கொள்வன.

2. நான்கு வினைச்சொற்கள்

முகவரி பெயர்ச்சொல் போன்றது. அதனோடு வினைச்சொல் ஒன்று சேர்ந்தால்தான் விண்ணப்பம் முற்றுப்பெறும். நமக்கு வேண்டுவன நான்கு.

கெட் என்பது 'காட்டுக' எனப் பொருள்படும். இதனால் வழங்கியில் உள்ள எதுவும் மாறாது.

போஸ்ட் என்பது 'இதனை ஏற்றுச் செய்வன செய்க' எனப் பொருள்படும். புதிய பதிவுகள் பெரும்பாலும் இதனால் உண்டாகும்.

புட் என்பது 'இம்முகவரியில் உள்ளதை அகற்றி, யான் அனுப்பும் இதனையே வைக்க' எனப் பொருள்படும். இஃது முழுமாற்றம்.

பாட்ச் என்பது 'உள்ளதை அப்படியே வைத்து, யான் சுட்டும் பகுதியை மட்டும் திருத்துக' எனப் பொருள்படும். இஃது ஒட்டுப்போடுதல். கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப் போடுவாரும் உளர்; புதுவேட்டி வாங்குவாரும் உளர். முன்னது பாட்ச், பின்னது புட்.

பாட்ச் என்னும் சொல் 1997-ஆம் ஆண்டின் விதிநூலுக்குப் பிற்சேர்க்கையில் இடம்பெற்று, 1999-ஆம் ஆண்டின் விதிநூலில் விடுபட்டு, 2010-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஆர்.எப்.சி. 5789 என்னும் தனி விதியாக மீண்டும் வந்தது. ஏனைய சொற்களின் இலக்கணம் 2022-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் வெளிவந்த ஆர்.எப்.சி. 9110-இல் தொகுத்துக் கூறப்பட்டிருக்கின்றது.

இவ்வினைகளிடையே மற்றொரு வேறுபாடும் உண்டு. ஒருமுறை செய்யினும் பன்முறை செய்யினும் பயன் ஒன்றாகவே இருக்கும் வினை ஒருவகை. செய்யுந்தோறும் பயன் பெருகும் வினை மற்றொருவகை. 'விளக்கை ஏற்றிய நிலையில் வைக்க' என்பது முன்னது. 'பெட்டியில் இன்னுமொரு ரூபாய் இடுக' என்பது பின்னது. புட் முன்னதன் பாற்படும். போஸ்ட் அவ்வாறாதல் வேண்டுமென்னும் விதியில்லை, பாட்சும் அவ்வாறே. விண்ணப்பம் சென்று மறுமொழி வருமுன் இணைப்பு அறுந்தால் என் செய்வது என்னும் வினா எழும்பொழுது இவ்வேறுபாட்டின் அருமை விளங்கும். புட்டாயின் அச்சமின்றி மறுமுறை அனுப்பலாம். ஏனையவாயின் முதலிற் கெட் விடுத்து நிலையறிந்த பின்னரே அனுப்பவேண்டும்.

3. கர்ல் என்னும் கருவி

கட்டளை வரியிலிருந்து இவ்விண்ணப்பங்களை அனுப்பும் கருவிகளுள் தலைசிறந்தது கர்ல். பிரேசில் நாட்டு ரபேல் சகூலா என்பார் 1996-ஆம் ஆண்டில் எழுதிய சிறுநிரலொன்றை, ஸ்வீடன் நாட்டு டேனியல் ஸ்டென்பர்க் என்பார் எடுத்து வளர்த்தார். அரட்டையறை ஒன்றில் நாணய மாற்று விலைகளைக் கூறும் பொருட்டு அவற்றை வலையினின்று தாமே வருவித்துக்கொள்ள ஒரு வழி வேண்டும் என்பதே அவருடைய அந்நாளைய தேவை. சிறு தேவைக்கெனத் தோன்றிய அக்கருவி 1998-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள் கர்ல் என்னும் பெயருடன் வெளிவந்தது. 2017-ஆம் ஆண்டில் ஸ்வீடனின் பொல்ஹெம் பரிசு அவருக்கு இதன்பொருட்டு வழங்கப்பட்டது. லினக்ஸ், மேக் கணினிகளில் இது நெடுநாளாக உள்ளது. 2018-ஆம் ஆண்டு முதல் விண்டோஸ் கணினிகளிலும் உடன்வருகின்றது. ஆதலின் எம் மாணவர் எவரும் இதனைப் பொருள் கொடுத்து வாங்கவேண்டுவதில்லை.

கட்டளையின் அமைப்பு எளிது. முதலிற் கருவியின் பெயர், அடுத்துச் சிறுகோட்டோடு கூடிய குறிகள், இறுதியில் முகவரி. குறிகளுள் சிலவற்றை அவற்றின் ஆங்கிலவெழுத்துக்களின் பெயரால் ஈண்டுக் கூறுவாம்.

பேரெழுத்து எக்ஸ்: இதன்பின் வினைச்சொல்லை எழுதவேண்டும்.
பேரெழுத்து எச்: இதன்பின் தலைப்புச் செய்தி வரும், கடிதவுறையின் மேல் எழுதுவது போன்றது.
சிற்றெழுத்து டி: இதன்பின் அனுப்பவேண்டிய செய்தியை எழுதலாம்; 'அட்' குறியிட்டுக் கோப்பின் பெயரைச் சுட்டினும் அமையும்.
பேரெழுத்து டி (பேருந்தின் டிக்கெட்டுக்கு முதலெழுத்தாய் நிற்பது): சுட்டிய கோப்பினை அப்படியே புட் வினையால் ஏற்றும்.
சிற்றெழுத்து ஐ: மறுமொழியின் தலைப்பையும் சேர்த்துக் காட்டும்.

சிற்றெழுத்து டியைப் பற்றி மூன்று எச்சரிக்கைகள் உள. ஒன்று, வினைச்சொல் கூறாவிடின் அது தானே போஸ்ட் ஆகிவிடும். இரண்டு, வேறு கூறாவிடின் 'இஃது படிவத்திற் பூர்த்திசெய்த செய்தி' என்று உறையின்மேல் எழுதிவிடும். ஜேசான் வடிவத்தை எதிர்பார்க்கும் வழங்கி அதனைக் கண்டு 415 என்று மறுக்கலாம். மூன்று, கோப்பினைச் சுட்டினால் அதன் வரிமுறிவுகளை நீக்கிவிடும். அவற்றைக் காக்க 'டேட்டா-பைனரி' என்னும் குறியை ஆளவேண்டும். 2022-ஆம் ஆண்டு முதல் வந்துள்ள 'ஜேசான்' என்னும் குறி உறையெழுத்தைத் தானே செம்மை செய்கின்றது. ஆயினும் திருத்தத்திற்கு வினைச்சொல்லை நாமே எழுதவேண்டும்.

4. தேனாம்பேட்டைப் பதிவொன்று

இனி உண்மையான ஏடொன்றை எடுத்துக்கொள்வாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது யாவரும் திருத்தத்தக்க உலகப் படம். 2004-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பார் தொடங்கியது. 2009-ஆம் ஆண்டு முதல் 0.6 என்னும் எண்ணுடைய ஏ.பி.ஐ. அதன்கண் வழங்குகின்றது. அதில் ஒரு கடையோ மருந்தகமோ ஒரு புள்ளியாக நிற்கும். புள்ளிக்கு ஓர் எண்ணும், நிலநேர்க்கோடும் நிலநிரைக்கோடும், பதிப்பெண்ணும், அதன்கீழ்ப் பண்புகளும் உண்டு. பண்புகளாவன: பெயர், தமிழ்ப்பெயர், திறக்கும் நேரம், தொலைபேசி எண், சக்கர நாற்காலி நுழைய வழியுண்டா என்பது முதலாயின.

எல்டாம்ஸ் சாலைப் பக்கத்து மருந்தகம் ஒன்றன் தொலைபேசி எண் மாறிவிட்டதாகக் கொள்வாம். அதனைத் திருத்தும் படிகள் ஐந்து.

முதலாவது, புள்ளியின் முகவரிக்குக் கெட் விடுத்து, வரும் மறுமொழியைக் கோப்பொன்றிற் சேமித்தல். இதற்குத் திறவு எதுவும் வேண்டா.

இரண்டாவது, 'மாற்றத் தொகுதி' ஒன்றைத் திறத்தல். இன்ன காரணத்தால் இத்திருத்தம் செய்கின்றோம் என்னும் குறிப்பை ஒரு சிறு கோப்பில் எழுதிப் புட் வினையால் அனுப்பினால், வழங்கி ஓர் எண்ணைத் திருப்பித் தரும். இது கந்தோரில் கோப்பு எண் வாங்குவது போன்றது.

மூன்றாவது, சேமித்த கோப்பைத் திறந்து, தொலைபேசிப் பண்பை மட்டும் மாற்றி, தொகுதியெண்ணைப் புதிதாக எழுதுதல். பதிப்பெண்ணை மாற்றலாகாது, யாம் கண்டு திருத்தியது இன்ன பதிப்பை என்று வழங்கிக்குச் சொல்லும் சான்று அதுவே.

நான்காவது, கோப்பு முழுவதையும் புள்ளியின் முகவரிக்குப் புட் வினையால் அனுப்புதல். விண்ணப்பம் ஏற்கப்படின் புதிய பதிப்பெண் மறுமொழியாக வரும். ஏழாம் பதிப்பைத் திருத்தினால் எட்டு வரும்.

ஐந்தாவது, தொகுதியை மூடுதல். மறந்தாலும் ஒருமணிநேரம் வாளா இருந்தபின் அது தானே மூடிக்கொள்ளும். எனினும் திறந்ததை மூடுதல் நல்லொழுக்கம்.

இவ்வெல்லாவற்றையும் முதற்கண் பயிற்சிக்கென அமைக்கப்பட்ட தனி வழங்கியில் செய்து பழகவேண்டும். உண்மைப் படத்தின்மேற் கைப்பழக்கம் செய்தல், நோயாளியின் உடம்பில் ஊசிபோடக் கற்பதை ஒக்கும்.

5. யாம் செய்த பிழை

மேற்கூறிய நான்காம் படியில் 'முழுவதையும்' என்று யாம் அழுத்திக் கூறியதற்குக் காரணம், எம் சொந்த அனுபவமே. தொடக்கத்தில் யாம் இம்முறையைப் பாதி கற்று, பாதி ஊகித்து, இத்தகைய மருந்தகப் பதிவொன்றைத் திருத்தப் புகுந்தோம். மாறவேண்டியது தொலைபேசி எண் ஒன்றே ஆதலின், அவ்வொரு பண்பை மட்டும் எழுதிய சிறு கோப்பை அனுப்பினோம். மறுமொழி 200 என வந்தது. புதிய பதிப்பெண்ணும் வந்தது. மகிழ்ந்து கணினியை மூடினோம்.

சில நாட் கழித்து, சக்கர நாற்காலியிற் செல்லும் பழைய மாணவர் ஒருவர் எமக்கு எழுதினார். தாம் மருந்து வாங்கும் கடை, சாய்தளம் உள்ள கடைகளைக் காட்டும் படத்திலிருந்து மறைந்துவிட்டதாகவும், தேனாம்பேட்டைக்குப் புதிதாக வந்த தம் உறவினர் ஒருவர்க்கு அக்கடையைக் காட்ட இயலவில்லை என்றும், கடை மூடப்பட்டதோ என்று வினவியும் எழுதியிருந்தார். கடை மூடப்படவில்லை. அதன் பெயர், தமிழ்ப்பெயர், நேரம், வாயிலின் செய்தி ஆகிய அனைத்தையும் யாமே துடைத்திருந்தோம். அப்பண்புகளை முன்னர் எழுதியவர் எவரோ. வெயிலில் நின்று, வாயிலை நோக்கி, கடைக்காரரை வினவி எழுதியிருக்கக் கூடும். ஒரு வரியை மாற்றப்போய் அவருடைய உழைப்பை அழித்தோம்.

வழங்கி பிழை செய்யவில்லை. புட் என்பதன் பொருள் 'இதனையே வைக்க' என்பது; யாம் சொன்னதையே அது செய்தது. 200 என்னும் மறுமொழிக்கு 'நீ சொன்னதைச் செய்தேன்' என்பதே பொருள். 'நீ நினைத்ததைச் செய்தேன்' என்பது பொருளன்று.

நற்பேறாக அவ்வேடு பழம்பதிப்புக்களை அழிப்பதில்லை. புள்ளியின் வரலாற்றைக் கேட்டுப் பெற்று, முந்தைய பதிப்பின் பண்புகளை எடுத்து, புதிய தொலைபேசி எண்ணைச் சேர்த்து, இப்போதைய பதிப்பெண்ணை இட்டு மீண்டும் அனுப்பினோம். பழைய பதிப்பெண்ணையே இட்டிருந்தால் வழங்கி மறுத்திருக்கும். பின்னர் அம்மாணவர்க்கு நிகழ்ந்ததை மறையாது எழுதினோம். எல்லா ஏடுகளும் பழம்பதிப்பைக் காப்பன அல்ல என்பதை நினைக்குந்தோறும் இன்றும் எமக்கு நடுக்கம் உண்டாகின்றது.

6. இருவர் ஒருங்கே திருத்தினால்

பதிப்பெண்ணின் பயன் யாது? காலை பத்து மணிக்குக் கமலா என்பாள் ஏழாம் பதிப்பை எடுத்துக்கொள்கிறாள். பத்தேகாலுக்குச் சாமுவேல் என்பான் அதே ஏழாம் பதிப்பை எடுத்துக்கொள்கிறான். கமலா தமிழ்ப்பெயரைச் சேர்த்து அனுப்ப, பதிவு எட்டாம் பதிப்பாகின்றது. சாமுவேலின் கையில் உள்ள ஏழாம் பதிப்பில் அத்தமிழ்ப்பெயர் இல்லை. அவன் நேரத்தைத் திருத்தி முழுக்கோப்பையும் அனுப்பினால், கமலாவின் திருத்தம் அவனறியாமலே அழியும். இருவரும் நல்லவர், இருவரும் முறைப்படி செய்தவர், ஆயினும் ஒருவர் உழைப்பு வீணாகும்.

இதனைத் தடுக்கவே வழங்கி பதிப்பெண்ணை ஒப்புநோக்குகின்றது. 'நீ திருத்தியது ஏழு. இங்குள்ளது எட்டு' என்று கூறி, 409 என்னும் முரண் எண்ணோடு சாமுவேலின் விண்ணப்பத்தைத் திருப்பிவிடும். அவன் செய்யவேண்டுவது யாது? பதிப்பெண்ணை எட்டு என்று மாற்றிப் பழைய கோப்பையே மீண்டும் அனுப்புதல் அன்று; அது காவலாளியை ஏமாற்றி உள்ளே புகுவதாகும். எட்டாம் பதிப்பைப் புதிதாகப் பெற்று, அதன்மேல் தன் திருத்தத்தைச் செய்து அனுப்புதலே முறை.

ஏனைய பல ஏ.பி.ஐ.க்களில் இக்காவலை ஈடேக் என்னும் முத்திரை செய்கின்றது. கெட் விடுக்கும்பொழுது மறுமொழியின் தலைப்பில் அம்முத்திரை வரும். திருத்தத்தை அனுப்பும்பொழுது 'இப்-மேட்ச்' என்னும் தலைப்பில் அதனையே எழுதியனுப்பினால், 'இம்முத்திரை இன்னும் மாறாதிருப்பின் மட்டும் திருத்துக' என்பது பொருள். மாறியிருப்பின் 412 வரும். நிபந்தனையின்றித் திருத்த வருவாரை 428 என்று மறுத்தற்கும் 2012-ஆம் ஆண்டின் விதியொன்று இடந்தருகின்றது.

இன்னுமொரு நுட்பம். விண்ணப்பம் சென்றபின் இணைப்பு அறுந்து, சாமுவேல் அதே கோப்பை மறுமுறை அனுப்ப, 409 வருகிறதெனக் கொள்வாம். அஃது எப்பொழுதும் பிறர் திருத்தத்தைக் குறிப்பதன்று. முதல் விண்ணப்பம் நன்கு சேர்ந்து, மறுமொழி மட்டும் வழியில் தொலைந்திருத்தலும் கூடும். கெட் விடுத்துப் பார்த்தால் ஐயம் தீரும்.

7. பகுதித் திருத்தம்

விக்கித்தரவு என்பது 2012-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் தோன்றிய பொதுவேடு. ஊர், ஆறு, நூல், மனிதர் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அதில் ஓர் எண்ணும், பன்மொழிகளில் பெயர்களும் உண்டு. அதன் ரெஸ்ட் வாயிலில் முகவரிகள் நுண்ணியனவாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒரு பொருளின் தமிழ்ப்பெயருக்கே தனி முகவரி இருத்தலால், அதன்மேற் புட் விடுத்தால் தமிழ்ப்பெயர் மட்டுமே மாறும். மலையாளப் பெயரும் தெலுங்குப் பெயரும் தீண்டப்படா. புட்டின் அபாயம் முகவரியின் பரப்பைப் பொறுத்தது என்பது இதனாற் பெறப்படும்.

பல பெயர்களை ஒருங்கே திருத்தவேண்டின் அங்கே பாட்ச் உண்டு. அதற்குரிய மொழி ஜேசான் பாட்ச். 2013-ஆம் ஆண்டின் ஆர்.எப்.சி. 6902. அதில் ஆறு கட்டளைகள் உள: சேர், நீக்கு, மாற்று, நகர்த்து, படியெடு, சோதி. இவற்றுள் 'சோதி' என்பது மிக அருமையானது. 'இப்பொழுது இங்கே இன்ன பெயர் உள்ளதா எனச் சோதி. பின்னர் அதனை மாற்று' என்று அடுத்தடுத்து எழுதினால், சோதனை பொய்த்தவழி ஒன்றுமே நிகழாது. பாட்சின் கட்டளைகள் முழுவதும் நிறைவேறவேண்டும், அன்றேல் ஒன்றும் நிறைவேறலாகாது என்பது விதி.

ஜேசான் மெர்ஜ் பாட்ச் என்னும் மற்றொரு மொழி, 2014-ஆம் ஆண்டினது, பிற ஏ.பி.ஐ.க்கள் சிலவற்றில் வழங்குகின்றது. மாறவேண்டிய பகுதியை மட்டும் எழுதினாற் போதும், எழுதாதது மாறாது. எளிமை நோக்கி இதனை விரும்புவார் பலர். ஆயின் இரண்டு குழிகள் உள. 'நல்' என எழுதின், வெறுமையாக்கு என்பதன்று, அடியோடு நீக்கு என்பதே பொருள். பட்டியலில் ஒன்றைச் சேர்க்க எண்ணி அவ்வொன்றை மட்டும் எழுதினால், பழைய பட்டியல் முழுதும் போய் அவ்வொன்றே எஞ்சும்.

8. தமிழெழுத்தும் பைட்டும்

தமிழ் மாணவர்க்கே உரிய நுட்பம் ஒன்றுண்டு. 'தேனாம்பேட்டை' என்னும் சொல்லில் நம் இலக்கணப்படி எழுத்துக்கள் 6. யூனிகோடு முறையில் உயிர்மெய் பெரும்பாலும் இரண்டு குறிகளாகப் பிரிதலின், அச்சொல்லுக்குக் குறிகள் 12. வலையிற் செல்லும் யூ.டி.எப்.-8 வடிவத்தில் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு ஆதலின், பைட்டுகள் 36. செய்தியின் நீளத்தை உறையின்மேல் எழுதும்பொழுது கணக்கிடப்படுவது பைட்டே. கர்ல் அதனைத் தானே கணக்கிடும். நாம் கையால் எழுதப் புகுந்து எழுத்தை எண்ணி 6 என்று எழுதினால், வழங்கி முதலிரண்டு குறிகளோடு நிறுத்திவிடும்.

அண்டையூராகிய கோடம்பாக்கம் வேறொரு பாடம் புகட்டும். அதன் முதலெழுத்தில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பும் காலும் ஆகிய இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. முன்கூறிய 'சோதி' என்னும் கட்டளை காரணமின்றிப் பொய்ப்பதாகத் தோன்றின், இதனை ஐயுறுக.

9. திறவும் மறுமொழியும்

திருத்துவோர் இன்னார் என்று வழங்கி அறிதற்கு மறைத்திறவு ஒன்று தருவர். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2024-ஆம் ஆண்டில் பழைய கடவுச்சொல் முறையை நீக்கி, ஓஆத் 2.0 என்னும் திறவு முறையை மட்டும் வைத்துக்கொண்டது. அத்திறவைக் கட்டளை வரியில் நேரே எழுதலாகாது. எழுதிய கட்டளைகள் கணினியின் நினைவேட்டில் தங்கும்; ஒரே கணினியைப் பலர் ஆளும் கல்லூரி ஆய்வுக்கூடத்தில், ஓடும் கட்டளைகளைப் பிறரும் காணக்கூடும். தலைப்புச் செய்தியைத் தனிக் கோப்பில் எழுதி, பிறர் படிக்கவியலாதபடி பூட்டி, பேரெழுத்து எச் குறியின்பின் 'அட்' இட்டு அக்கோப்பின் பெயரைச் சுட்டுக.

மறுமொழி எண்களைப் படிக்கவும் பழகவேண்டும். 200-இல் தொடங்குவன ஏற்பு. 400-இல் தொடங்குவன நம் பிழை: 401 திறவு இல்லை, 403 உரிமை இல்லை, 404 அம்முகவரியில் பொருள் இல்லை, 429 அளவுக்கு மிஞ்சி விண்ணப்பித்தாய். 500-இல் தொடங்குவன வழங்கியின் இடர். 409 போன்ற மறுப்பு வந்தபொழுதும் கர்ல் தன்னளவில் வெற்றி என்றே முடியும். விண்ணப்பத்தைக் கொண்டு சேர்த்து மறுமொழியைக் கொணர்தலே அதன் கடமை ஆதலின். தபாற்காரர் கடிதத்தைச் சேர்ப்பார். கடிதத்தினுள் 'இயலாது' என்று எழுதியிருப்பது அவர் குற்றமன்று. நூறு பதிவுகளை வரிசையாகத் திருத்தும் நிரலை எழுதுவோர் 'பெயில்' என்னும் குறியைச் சேர்க்கவேண்டும். சேர்ப்பின், 400-உம் அதற்கு மேலும் வந்தவழிக் கர்ல் 22 என்னும் தோல்வி எண்ணோடு நிற்கும். நிரலும் அங்கேயே நிற்கலாம்.

முடிவுரை

2020-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்கள் 1018-ஐத் தமிழொலிக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுதவேண்டும் என்னும் அரசாணை வெளிப்பட்டது. சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. அச்சிலநாளில் 1018 பதிவுகளையும் கட்டளை வரியால் ஒருவர் திருத்தியிருந்தால், மீண்டும் 1018 திருத்தங்கள் வேண்டும். பெயரை மட்டும் தொட்டவர்க்கு அது ஒருமாலை வேலை. பதிவு முழுவதையும் துடைத்தவர்க்கோ அது எத்துணை நாள் ஆகும் என்று மாணவரே கணக்கிட்டுக் கொள்க. கட்டளை வரியின் ஆற்றல் இஃது: ஒன்றைச் செய்வது எவ்வளவு எளிதோ, ஆயிரத்தைச் செய்வதும் அவ்வளவு எளிது. நன்மைக்கும் தீமைக்கும் அவ்வாற்றல் ஒன்றே.

2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டு சென்னை மூழ்கியபொழுது, நீர் தேங்கிய தெருக்களைத் தன்னார்வலர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மேலமைந்த படத்திற் குறித்துக்கொண்டே வந்தனர். அந்நாட்களில் ஒரு தெருவின் பெயர் சரியாக இருப்பது அணியன்று, தேவை என்பதைப் பலர் உணர்ந்தனர். பொதுவேட்டில் நாம் எழுதும் ஒவ்வொரு வரியும் அத்தகைய நாளொன்றில் எவர்க்கோ பயன்படக்கூடும். நாம் அழிக்கும் ஒவ்வொரு வரியும் எவர்க்கோ இல்லாது போகக்கூடும்.

ஆதலின் மாணவர்க்கு யாம் கூறும் முறை இது: முதலிற் கெட்டால் நிலையறிக, மாறவேண்டியதை மட்டும் மாற்றுக, பதிப்பெண்ணையோ முத்திரையையோ உடன் அனுப்புக, மறுமொழியைப் படிக்க, மீண்டும் கெட்டால் பயனறிக. இவ்வைந்தனுள் இறுதியதையே பலரும் மறக்கின்றனர். அன்று யாமும் அதனை மறந்தோம். மீண்டும் ஒருமுறை பார்த்திருந்தால், கணினியை மூடுமுன்னரே எம் பிழை எமக்குத் தெரிந்திருக்கும். எம் பழைய மாணவர் அக்கடிதம் எழுத நேர்ந்திராது.